ஃபெராரி எஃப்40 வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏலப் பட்டியலிலோ தரகர் வழியாகவோ ஒரு ஃபெராரி எஃப்40 கார் விற்பனைக்கு வரும்போது, சேகரிப்பாளர்களும் அவர்களுக்காகப் பார்க்கப் போகும் மெக்கானிக்குகளும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான். படங்களில் எல்லா எஃப்40-யும் ஒரே மாதிரி சிவப்பாகப் பளபளக்கும். நேரில் பார்த்தால் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எஃப்40-க்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஃபெராரி தொடங்கி 40 ஆண்டு நிறைவதை ஒட்டி 1987 ஜூலை 21 அன்று இத்தாலியின் மாரநெல்லோவில் அறிமுகமான வண்டி இது. நிறுவனர் என்சோ ஃபெராரி உயிரோடிருந்தபோது அவர் ஒப்புதலோடு வெளிவந்த கடைசிப் புது மாடலும் இதுதான். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 14-இல், 90 வயதில், அவர் காலமானார். பாதி மவுசு அந்தக் கதையால் வந்தது. மீதிப் பாதி வண்டியால் வந்தது.

நிக்கோலா மட்டெராட்ஸி தலைமையில் உருவான 2,936 சிசி, 8 சிலிண்டர் 'வி' வடிவ இன்ஜின். அதன் இருபுறமும் ஐஎச்ஐ நிறுவனத்தின் டர்போ (புகையின் வேகத்தால் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) ஒவ்வொன்று. 7,000 ஆர்பிஎம்மில் 478 குதிரைத்திறன், 4,000 ஆர்பிஎம்மில் 577 நியூட்டன் மீட்டர் இழுவை. உச்ச வேகம் மணிக்கு 324 கிமீ. எடை, எண்ணெய் தண்ணீர் எதுவும் ஊற்றாத நிலையில், ஏறத்தாழ 1,100 கிலோ. பவர் ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கை இலகுவாக்கும் சர்வோ கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, ரேடியோ கிடையாது. கதவை உள்ளிருந்து திறக்கக் கைப்பிடி கூட இல்லை. ஒரு கயிற்றை இழுக்க வேண்டும்.

1,311 வண்டி செய்திருக்கிறார்களே, அதை எப்படி அபூர்வம் என்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. முதலில் திட்டமிட்டது 400 தான். ஆர்டர்கள் குவிந்ததால் 1992 வரை செய்துகொண்டே போனார்கள். இதற்கு முந்தைய 288 ஜிடிஓ மாடலில் 272 வண்டி, பின்னால் வந்த எஃப்50 மாடலில் 349. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அந்த வரிசையில் எஃப்40 தான் மலிவாகக் கிடைக்க வேண்டும். ஆனால் விபத்தில் போனவை, தீப்பிடித்துப் போனவை, பந்தய வண்டியாக மாற்றப்பட்டவை, மறுபடி பெயின்ட் அடித்து முகம் மாறியவை எல்லாவற்றையும் கழித்தால், ஆவணமும் உடம்பும் ஒழுங்காக உள்ளவை கொஞ்சம்தான். விலைப் போட்டி நடப்பது அந்தக் கொஞ்சத்துக்கு.

எந்த ஆண்டு வண்டியை வாங்குவது?

ஆண்டைவிட முக்கியம், வண்டி எந்த வகை என்பது.

தொடக்கத்தில் வந்த சிறு எண்ணிக்கையில் கதவுக் கண்ணாடி லெக்ஸன் பிளாஸ்டிக், தள்ளித் திறக்கும் சிறு ஜன்னலோடு. பிறகு வந்தவற்றில் சுற்றி இறக்கும் கண்ணாடி. அதேபோல் முதலில் வந்தவற்றில் புகைபோக்கியில் நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இல்லை, உயரத்தை மாற்றும் சஸ்பென்ஷனும் இல்லை. பின்னால் இரண்டும் சேர்ந்தன. சேகரிப்பாளர்கள் 'இரண்டும் இல்லாத' ஐரோப்பிய வண்டியைத்தான் தேடுகிறார்கள். லெக்ஸன் ஜன்னலும் இருந்தால் இன்னும் கூடுதல் விலை.

அமெரிக்காவுக்கென்று செய்தவை 213. முன் பம்பர் அமைப்பும் சீட் பெல்ட்டும் அந்நாட்டு விதிக்கு ஏற்ப மாறியிருக்கும். அவற்றில் அலுமினிய பெட்ரோல் டேங்க். ஐரோப்பிய வண்டியில் ரப்பர் பை. இந்த ஒரு வேறுபாடு பின்னால் எவ்வளவு செலவை மிச்சப்படுத்தும் என்பது டேங்க் பற்றிய கேள்வியில் வரும். ஓட்டுவதற்காக வாங்குபவர் அமெரிக்க வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை.

மஞ்சள், கறுப்பு எஃப்40 எல்லாம் விற்கிறார்களே?

தொழிற்சாலையிலிருந்து வந்த நிறம் சிவப்பு, ஸ்டியரிங் இடப்பக்கம். புரூணை அரச குடும்பத்துக்காக வலப்பக்க ஸ்டியரிங்கோடு போன 7 வண்டிகள் விதிவிலக்கு. மற்றபடி வேறு நிறத்தில் ஒன்றைப் பார்த்தால் அது பிறகு அடித்தது என்று வைத்துக்கொண்டு விசாரிக்கத் தொடங்குங்கள். நிறத்தை மாற்றியது ஆசைக்கா, அடியை மறைக்கவா என்பதுதான் கேள்வி.

பெயின்ட்டுக்கு அடியில் துணி நெய்த மாதிரி கோடு தெரிகிறது. இது குறையா?

குறை இல்லை, பெரும்பாலும் நல்ல சகுனம். எஃப்40-இன் எலும்புக்கூடு எஃகுக் குழாய். அதன்மேல் கெவ்லரும் கார்பன் ஃபைபரும் கலந்த பலகைகள். எடை குறைய வேண்டும் என்று பெயின்ட்டை மெல்லிசாகவே அடித்தார்கள். அதனால் சாய்ந்த வெயிலில், குறிப்பாகக் கதவின் மேல்பகுதியிலும் இன்ஜினுக்கு மேலுள்ள பின்மூடியின் தோளிலும், சட்டைத் துணியின் இழைபோல் நெசவு மங்கலாகத் தெரியும். எங்கும் நெசவே தெரியாமல் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மறுபடி அடித்தவர் பிரைமரைத் தடிப்பாகக் கொட்டி இழைத்திருப்பார்.

வழக்கமான பெயின்ட் தடிமன் மீட்டர் இங்கே உதவாது. அது உலோகத்தின் மேல் மட்டும் அளக்கும். கலப்புப் பொருளுக்கென்று உள்ள அல்ட்ராசோனிக் மீட்டரை வாடகைக்காவது எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பலகையிலும் ஐந்தாறு இடத்தில் அளந்து எழுதுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, வலது கதவுக்கும் இடது கதவுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்பதே பேசும்.

பிறகு ஒரு நாணயத்தை எடுத்து மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கூர்மையாக ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகி, பழுத்த பலாவைத் தட்டியது போல் வரும். முன் பம்பரின் கீழ் விளிம்பு, சக்கரத்துக்குப் பின்னால் கல் அடிக்கும் இடம், பின்மூடியின் கீல் சுற்றுப்புறம் ஆகிய மூன்றையும் இரண்டு தடவை தட்டுங்கள்.

கடைசியாகக் கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். பலகைகளை எஃகுக் குழாயோடு ஒட்டிய பசை பச்சை நிறத்தில், அவசர வேலை போல, ஓரங்களில் பிதுங்கி உறைந்திருக்கும். இவ்வளவு விலை கொடுத்த வண்டியில் இப்படியா என்று புது ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அது தொழிற்சாலையின் கைவேலை. ஒரு பக்கம் பச்சைப் பசை, மறுபக்கம் சுத்தமாகத் தேய்த்துக் கறுப்புப் பசை என்றிருந்தால் அந்தப் பக்கம் பிரித்து ஒட்டியிருக்கிறார்கள். அங்கேயே கீழே படுத்து, குழாயின் வெல்டிங்கையும் நெளிவையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மறுபடி பெயின்ட் அடிக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு எச்சரிக்கை: பழைய பெயின்ட்டை உரிக்க ரசாயனம் பூசக் கூடாது. அது நாரைப் பிடித்திருக்கும் ரெசினையும் தின்றுவிடும். கையால் தேய்த்து எடுப்பதுதான் வழி; தேய்க்கும்போது நார் அறுபடாமல் நிறுத்தத் தெரிந்த ஆள் வேண்டும்.

பெட்ரோல் டேங்க்குக்குக் காலாவதித் தேதி உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஐரோப்பிய எஃப்40-இல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டேங்க், மொத்தம் 120 லிட்டர், ஒவ்வொன்றுக்கும் தனி மூடி. இவை பந்தய வண்டியில் வைப்பது போன்ற ரப்பர் பைகள். பெட்ரோல் அலைபாயாமல் இருக்க உள்ளே பஞ்சுபோன்ற ஃபோம். இவற்றுக்கு விதித்த ஆயுள் 10 ஆண்டு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் கணக்கு ஓடும்.

காலம் கடந்தால் என்ன ஆகும்? முதலில் ஃபோம் பொடிப்பொடியாக உதிரும். அந்தத் துகள் ஃபில்டரை அடைக்கும், பம்ப்பை வறட்டும், இன்ஜெக்டர் வாயில் போய் உட்காரும். வண்டி மேல் ஆர்பிஎம்மில் திணறுகிறது என்று இக்னிஷனைப் பிரித்து மேய்வார்கள். குற்றவாளி டேங்க்குக்குள் இருப்பான். அடுத்து ரப்பர் இறுகி, மடிப்புகளிலும் குழாய் சேரும் வாயிலும் வெடிப்பு விடும். நின்றிருக்கும் வண்டியில் பெட்ரோல் வாசம் வந்தால், 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்ற பதிலை ஏற்காதீர்கள். கொதிக்கும் டர்போவுக்குப் பக்கத்தில் கசியும் பெட்ரோல் என்ன செய்யும் என்பதைத் தெருவோரம் எரிந்து நின்ற எஃப்40-களின் படங்கள் சொல்லும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: கடைசியாக மாற்றியது எந்த ஆண்டு, பையில் பதித்த தயாரிப்புத் தேதி என்ன, மாற்றிய பட்டறையின் ரசீது எங்கே. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கில் வையுங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கூடவே பெட்ரோல் குழாய்கள், கிளிப்புகள், ஃபில்டர்கள், பம்ப்புகள். சிலர் அலுமினிய டேங்க் போட்டுவிடுகிறார்கள். ஓட்டுபவருக்கு அது நிம்மதி. தொழிற்சாலை நிலையை மதிக்கும் வாங்குபவருக்கு அது ஒரு கழித்தல். மாற்றினால் பழைய பையின் உலோகப் பாகங்களை வீசாமல் பெட்டியில் போட்டு வையுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ஃபோமோடும் ஒத்துப்போகாது. கலக்காதது கிடைக்கும் ஊரில் அதையே ஊற்றுங்கள்.

2,000 கிமீ மட்டுமே ஓடிய வண்டி, 30,000 கிமீ ஓடிய வண்டி. எதை எடுப்பது?

ஏலத்தில் முதலாவது அதிக விலைக்குப் போகும். பட்டறையில் அதே வண்டிதான் அதிகச் செலவும் வைக்கும். 30 ஆண்டில் 2,000 கிமீ என்றால் பெரும்பாலான நாள் அது நின்றிருக்கிறது. டேங்க், பெல்ட், எண்ணெய் சீல், தண்ணீர்க் குழாய், பிரேக் குழாய், டயர் எல்லாமே வயதால் கெடுபவை. கிலோமீட்டர் அவற்றுக்கு இரண்டாம் பட்சம். ஆண்டுக்கு ஆயிரம் கிமீ ஓடி, ஆண்டுதோறும் எண்ணெயும் பிரேக் திரவமும் மாற்றி, ரசீதை வரிசையாகக் கோத்து வைத்த 30,000 கிமீ வண்டி ஓட்டுவதற்கு மேல். முதலீடாகப் பூட்டி வைப்பதென்றால் குறைந்த கிமீ வண்டி; அப்போதும் ரப்பர் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள்.

மீட்டரில் உள்ள எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் காலத்து மீட்டரைக் கழற்றி விட்டு ஓட்டுவது கடினமான காரியமல்ல. ஆண்டு ஆய்வுச் சான்றுகள், சர்வீஸ் ரசீதுகள், பழைய ஏலப் பட்டியல்கள் மூன்றிலும் உள்ள கிமீயைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். எண் பின்னால் போகும் இடமும், மூன்று நான்கு ஆண்டு எந்தத் தாளும் இல்லாத இடமும் உடனே கண்ணில் படும். பெடலில் கால் படும் துளைகளின் ஓரம், ஸ்டியரிங்கின் தேய்மானம், ஓட்டுநர் சீட்டின் இடப்பக்க விளிம்பு இவையும் கிமீ சொல்லும்.

டைமிங் பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும்?

இந்த இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுவது பல் வைத்த ரப்பர் பெல்ட். அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அதன்பிறகு நடப்பது இன்ஜின் ரீபில்ட். ஓடாத வண்டிக்கும் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் மாற்றிவிடுவது நடைமுறை. பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கையும் மாற்றினார்களா என்று பாருங்கள். 'பெல்ட் புதுசு' என்று எழுதி, பேரிங் பற்றி வாய் திறக்காத ரசீதுகள் நிறைய.

இன்ஜினையும் டர்போவையும் சோதிப்பது எப்படி?

நீங்கள் போய்ச் சேரும் முன் வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின் எடுக்கும் முதல் நிமிடத்தில்தான் உண்மை வெளிவரும்.

ஸ்டார்ட் செய்ததும் வரும் கொஞ்ச நீலப் புகை சில நொடியில் அடங்கினால் பதற வேண்டாம். தொடர்ந்தால் டர்போ சீல் அல்லது வால்வு கைடு. இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜெக்டரையோ சென்சாரையோ பாருங்கள்.

எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும் டிரை சம்ப் அமைப்பு இது. பல நாள் நின்றால் எண்ணெய் கீழே வடிந்துவிடும். குளிர்ந்த நிலையில் அளவு பார்த்துவிட்டு 'குறைகிறதே' என்று மேலும் ஊற்றினால், ஓடும்போது அதிகமாகிக் காற்றுக் குழாய் வழியே வெளியே தள்ளும். சூடாக்கிய பிறகுதான் அளவு.

சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கும் மெக்கானிக் இந்த இன்ஜினுக்குப் புதியவர் என்றால் எண்ணைப் பார்த்துப் பயப்படுவார். டர்போவுக்காக அழுத்த விகிதத்தையே 8-க்கும் கீழே வைத்திருக்கிறார்கள். சாதாரண ஃபெராரியைவிட எண் குறைவாகத்தான் வரும். எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதே கேள்வி. முடிந்தால் லீக்-டவுன் டெஸ்ட்டும் எடுங்கள். காற்று எங்கே கசிகிறது என்பதை அது காட்டிவிடும்.

டர்போ தண்டைக் கையால் அசைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால்: பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இயல்பு, எண்ணெய்ப் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் ஆடக் கூடாது. இறக்கை சுவரில் உரசிய கீறல் இருந்தால் டர்போ ரீபில்ட்.

ஓட்டும்போது எண்ணெய் சூடாகும்வரை பூஸ்ட்டை (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) தொடாதீர்கள். பிறகு மூன்றாவது கியரில் 2,500-இலிருந்து முழுதாக மிதித்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. 3,500 தாண்டியதும் முதுகில் கை வைத்துத் தள்ளியது போல் வரும். அந்தத் தாமதம் பழுதல்ல, வண்டியின் குணம். பூஸ்ட் முள் 1.1 பார் பக்கம் நிலையாக நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஏறினால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஏறாமலே நின்றால் வேஸ்ட்கேட் (மிஞ்சிய வாயுவை வெளியே விடும் வால்வு) அல்லது குழாய்க் கசிவு. நிறுத்தும் முன் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். கொதிக்கும் டர்போவை உடனே அணைத்தால் பேரிங்கில் எண்ணெய் கருகும்.

பின்னால் ஏன் மூன்று புகைக்குழாய்?

ஓரத்தில் உள்ள இரண்டும் சிலிண்டர் வரிசைக்கு ஒன்று. நடுவில் உள்ளது வேஸ்ட்கேட்டுக்கு. டர்போவுக்கு வேண்டாத வாயு அதன் வழியே வெளியேறும். அழகுக்கு வைத்ததல்ல.

உயரம் மாற்றும் சஸ்பென்ஷன் தொல்லை என்கிறார்களே?

பின்னால் வந்த வண்டிகளில் மூன்று நிலை: வேகத்தடைக்கு உயர்த்தல், இயல்பு, வேகம் கூடும்போது தாழ்தல். ஹைட்ராலிக் அமைப்பு என்பதால் வயதானால் கசியும். ஒரு மூலை மட்டும் காலையில் அமுங்கியிருக்கும். ரீபில்ட் செய்யலாம், பணம் கேட்கும். சாதாரண ஷாக் அப்சார்பர் போட்டு அமைப்பையே துண்டித்தவர்களும் உண்டு. அப்படியென்றால் கழற்றிய பாகங்கள் வண்டியோடு வருகின்றனவா என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரேக், கிளட்ச், கியர், டயர்?

பிரேக்கை நன்றாக மிதிக்க வேண்டும்; சர்வோ இல்லாததால் பலகையை மிதிப்பது போலிருக்கும். பெடல் ஸ்பாஞ்சு போல் அமுங்கினால்தான் கோளாறு. கிளட்ச் கனம், நாலாவது கியரில் முழுதாக மிதிக்கும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் தட்டு தேய்ந்துவிட்டது. ஐந்து கியரில் முதல் கியர் இடப்பக்கம் கீழே. பழகாதவர் முதல் கியர் என்று நினைத்து மேலே தள்ளினால் ரிவர்ஸில் விழும். முன்னால் சுவர் இருக்கிறதா என்று பார்ப்பதைவிடப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கியர் எண்ணெய் சூடாகும்வரை இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது சகஜம். சூடான பிறகும் கரகரத்தால் கியர்கள் உரசாமல் சேர உதவும் சின்க்ரோ போயிருக்கிறது.

டயர் முன்னால் 245/40, பின்னால் 335/35, இரண்டும் 17 அங்குலம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம். டயரின் மேற்பரப்பில் பூ (தடப் பள்ளம்) நிறைய இருந்தாலும் பத்து வருஷ டயரில் பூஸ்ட் சோதனை செய்யாதீர்கள். சக்கரத்துக்கு நடுவில் ஒரே பெரிய நட்டு. அதற்குரிய சாக்கெட்டும் நீண்ட டார்க் ரெஞ்சும் இல்லாமல் எந்தப் பஞ்சர் கடையிலும் கழற்ற முடியாது.

பல ஆண்டு நின்ற வண்டியை எப்படி எழுப்புவது?

சாவியைத் திருப்புவதுதான் கடைசி வேலை. முதலில் பழைய பெட்ரோலை முழுதும் எடுத்து, டேங்க்கைத் திறந்து ஃபோமை விரலால் அழுத்திப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் அங்கேயே நிறுத்தி, பைகளை ஆர்டர் செய்யுங்கள். அடுத்து டைமிங் பெல்ட். பழைய பெல்ட்டோடு ஒரு சுற்றுக் கூடச் சுற்ற வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில துளி எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற விட்டு, கையால் இன்ஜினை இரண்டு முழுச் சுற்று. எங்காவது இறுக்கம் தட்டினால் வலுக்கட்டாயம் வேண்டாம்.

எண்ணெய் முழுதும் மாற்றி, பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி, எண்ணெய் அழுத்த முள் ஏறுவதைப் பாருங்கள். டர்போ பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்த பிறகுதான் பெட்ரோலும் நெருப்பும். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து ஓட்ட அளவு பார்ப்பது, கூலன்ட்டையும் பிரேக் திரவத்தையும் மாற்றுவது, எல்லா ரப்பர் குழாயையும் வளைத்து வெடிப்புப் பார்ப்பது இதெல்லாம் இடையில் நடக்கும். முதல் முறை எடுக்கும்போது தீயணைப்பானோடு ஒருவர் பின்மூடி பக்கம் நிற்கட்டும்.

'சிவப்புப் புத்தகம் உண்டு, எண்கள் பொருந்துகின்றன' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே?

ஃபெராரியின் பழைய வண்டிகளுக்கான கிளாசிக்கே பிரிவு 20 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைத் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சான்று தருகிறது. சேசிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், உடல் ஆகியவை அசலா என்று பார்த்துச் சிவப்பு உறைப் புத்தகமாகக் கொடுப்பார்கள். மதிப்புள்ள தாள்தான். ஆனால் அது கொடுத்த நாளின் நிலையைச் சொல்லும். பெல்ட் புதுசா, டேங்க் கசிகிறதா என்று சொல்லாது. புத்தகத்தின் தேதிக்குப் பின் என்ன நடந்தது என்று ரசீதில் தேடுங்கள்.

எண்களை நீங்களே ஒப்பிடுங்கள். சேசிஸ் எண் 17 இலக்கம், இசட்-எஃப்-எஃப் என்று தொடங்கும். சேசிஸ் சட்டகத்தில் அடித்தது, தகட்டில் உள்ளது, பதிவு ஆவணத்தில் உள்ளது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்க வண்டியில் பத்தாவது இடத்து எழுத்து மாடல் ஆண்டு: எல் என்றால் 1990, எம் 1991, என் 1992. எழுத்தின் ஆழமும் இடைவெளியும் சீராக இல்லாவிட்டாலும், சுற்றிலும் தேய்த்த தடம் இருந்தாலும் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

வண்டியோடு என்னவெல்லாம் வர வேண்டும்?

உரிமையாளர் கையேடு, அதன் உறை, வாரன்ட்டிப் புத்தகம், டூல் கிட், சக்கர நட்டுச் சாக்கெட், இரண்டு சாவி. மோடெனாவின் ஸ்கெடோனி செய்த பெட்டிகள் இருந்தால் கூடுதல். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குச் சண்டை போடுவானேன் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். இங்கே அங்குசமும் தனியாக வாங்கினால் பல ஆயிரம் டாலர். விலை பேசும்போதே பட்டியல் போடுங்கள்.

சீட்டையும் உட்கார்ந்து பாருங்கள். ஓடுபோன்ற அந்தச் சீட்டு மூன்று அளவில் வந்தது. சிறிய அளவில் அகலமான உடம்பு அடங்காது.

பந்தய வண்டி போல மாற்றியது விற்பனைக்கு வந்தால்?

அசல் பந்தய எஃப்40 எல்எம் வண்டிகளைத் தயாரித்தது படோவாவின் மிக்கெலோட்டோ பட்டறை; அவை மிகக் கொஞ்சம். தெரு வண்டிக்குப் பெரிய இறக்கையும் அகலச் சக்கரமும் மாட்டியது எல்எம் ஆகாது. விலையை அசல் நிலைக்குத் திருப்பும் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

விலை எவ்வளவு வரும்?

1990 வாக்கில் ஊகக்காரர்கள் பட்டியல் விலையைப் போல் பல மடங்குக்கு ஏற்றிவிட்டார்கள். அந்தக் குமிழி உடைந்ததும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். பிறகு மெல்ல ஏறி, 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெபிள் பீச் ஏலத்தில் ஒன்று ஏறத்தாழ 40 லட்சம் டாலருக்குப் போனது. பொதுவாக 20 லட்சத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் சுத்தியல் விழும் விலைக்கு மேல் ஏலக்காரர் கட்டணம் 10 சதவீதமோ அதற்கு மேலோ சேரும். கை தூக்கும் முன் அதைக் கூட்டிப் பாருங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா?

வழக்கமான வழியில் முடியாது. பழைய வண்டி இறக்குமதி விதி, தயாரித்து 3 ஆண்டுக்கு மேல் ஆகாததையும் வலப்பக்க ஸ்டியரிங் உள்ளதையும்தான் அனுமதிக்கிறது. எஃப்40 இரண்டிலும் தோற்கும். வெளிநாட்டில் குடியிருக்கும் தமிழர்களுக்கு வழி உண்டு: கனடாவில் 15 ஆண்டும் அமெரிக்காவில் 25 ஆண்டும் கடந்த வண்டி பாதுகாப்பு விதியிலிருந்து விலகும், எல்லா எஃப்40-யும் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. பிரிட்டனில் 30 ஆண்டு கடந்து, அசல் நிலையில் இருந்தால் சேகரிப்பு வண்டியாகக் காட்டி, சுங்க வரியின்றி 5 சதவீத வாட் வரியோடு இறக்கலாம். அசல் நிலை என்ற சொல்லைச் சுங்க அதிகாரி கறாராகப் பார்ப்பார். மாற்றி அமைத்த வண்டிக்கு அந்தச் சலுகையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

வாங்கிய பிறகு எப்படி வைத்திருப்பது?

ஈரமில்லாத, மூடிய இடம். பேட்டரிக்கு நிரந்தரச் சார்ஜர். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் முழுச் சூடாகும் அளவுக்கு, குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஷெட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதைவிடச் சும்மா விடுவது மேல். அந்த ஐந்து நிமிடத்தில் புகைக்குழாயிலும் எண்ணெயிலும் ஈரம் சேர்வதுதான் மிச்சம். பின்மூடியின் லெக்ஸனை அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைக்காதீர்கள், மங்கிவிடும். மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். காப்பீட்டை ஒத்துக்கொண்ட மதிப்பு என்ற முறையில் எடுத்து, அந்தத் தொகையை ஆண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள். பெல்ட், டேங்க், டயர் மூன்றின் தேதியையும் ஒரு தாளில் எழுதி ஷெட் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.